'குறிஞ்சித்தேன்' எங்கே கிடைக்கும்? எழுத்தாளருக்கு ஏன் சொந்த இணையதளம் வேண்டும்?

வார விடுமுறையில் ஊட்டிக்குப் போகிற ஒருவர். மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ் குன்னூரை நெருங்குகிறது. பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுவாக்கில், "படுகர் வாழ்க்கையைப் பத்தி ராஜம் கிருஷ்ணன் ஒரு நாவல் எழுதியிருக்காங்க, படிச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. போனை எடுத்துத் தேடுகிறார். சிக்னல் இரண்டு கோடு. அடுத்த வளைவுக்குள் விடை வந்தாக வேண்டும். வராவிட்டால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஒரு புத்தகம் புது வாசகரிடம் போய்ச் சேர்வதும் சேராமல் போவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அரை நிமிடத்தில்தான் முடிவாகிறது. எழுத்தாளருக்கு இணையதளம் தேவையா, தேவையென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த அரை நிமிடத்திலிருந்தே விடை தேடலாம்.

அந்த நாவலின் பெயர் 'குறிஞ்சித்தேன்'. 1963-ல் நூலாக வந்தது. மின்துறைப் பொறியாளரான கணவரின் வேலை காரணமாக நீலகிரியில் வாழ்ந்தபோது ராஜம் கிருஷ்ணன் படுகர் ஊர்களை அருகிலிருந்து பார்த்தார். சாமையும் கொரளியும் விளைந்த நிலத்தில் தேயிலையும் பணமும் நுழைந்தபோது குடும்பங்களுக்குள் என்ன நடந்தது என்பதைத் தலைமுறைகளின் கதையாக எழுதினார். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். 2009-ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி 3 லட்சம் ரூபாய் வழங்கியது. உயிரோடு இருக்கும்போதே நூல்கள் நாட்டுடைமையாவது அபூர்வம். 2014 அக்டோபரில் அவர் காலமானார்.

நாட்டுடைமை என்றால் என்ன? அரசு ஒரு தொகை கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவாக்கிவிடுகிறது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். வாசகருக்கு இது பெரிய லாபம். நூல் அச்சில் இல்லாமல் காணாமல் போகும் ஆபத்து குறைகிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோரும் வெளியிடலாம் என்ற நிலையில், 'இதுதான் சரியான பதிப்பு', 'முதலில் வந்த ஆண்டு இது', 'ஆங்கிலத்தில் இந்தப் பெயரில் வந்திருக்கிறது' என்று பொறுப்போடு சொல்ல யாரும் இல்லாமல் போகிறார்கள். 'குறிஞ்சித்தேன்' 2002-ல் ஆங்கிலத்தில் 'வென் தி குறிஞ்சி ப்ளூம்ஸ்' என்ற பெயரில் மொழிபெயர்ப்பானது. அதைப் படித்த ஒரு பெங்களூர்க்காரர் தமிழ் மூலத்தைத் தேடினால், தலைப்பை வைத்து மட்டும் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரே ஒரு பக்கம் போதும்.

ராஜம் கிருஷ்ணன் மேல் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருடைய முக்கிய நாவல்கள் வந்தபோது இணையதளம் என்ற சொல்லே கிடையாது. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் சமாதானம் இல்லை.

ஃபேஸ்புக் இருக்கே, போதாதா?

இளம் எழுத்தாளர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமானதும்கூட. நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புத்தகம் வந்த அன்று பதிவு போட்டால் நூறு வாழ்த்து விழுகிறது. ஆனால் பஸ்ஸில் தேடுகிறவர் நண்பர் இல்லையே. ஆறு மாதம் முன்பு போட்ட அட்டைப்படப் பதிவை அவர் தோண்டி எடுக்கப் போவதில்லை. சமூக வலைதளம் சந்தைத் திடல் மாதிரி. கூட்டம் இருக்கும்போது கடை போடலாம், குடியிருக்க முடியாது.

திடல் எப்போது காலியாகும் என்பதும் கடை போட்டவர் கையில் இல்லை. 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டிஸ் சேவையை மூடியது. லட்சக்கணக்கான தனிநபர் பக்கங்கள் அதோடு போயின. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. அங்கே நடந்த உரையாடல்களுக்கும் அதே கதி. இரண்டையும் நடத்தியவை சின்ன நிறுவனங்கள் அல்ல.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. தேடினால் இணைப்புகள் வருவதற்கு முன்பே செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒரு சுருக்கம் வந்து நிற்கிறது. பலர் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் காற்றிலிருந்து வருவதில்லை. இணையத்தில் கிடைப்பதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. ஒரு எழுத்தாளரைப் பற்றி ஒழுங்கான பக்கம் இல்லாவிட்டால், இயந்திரம் கிடைத்ததைக் கோத்து நிரப்பும். ஒருவரின் நாவல் அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் போய்ச் சேரலாம். தமிழ்நாட்டில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத்தாளரே எழுதிய பக்கம் ஒன்று இருந்தால் தவறே நடக்காது என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் தவறு நடந்தால் சுட்டிக்காட்ட ஓர் இடம் இருக்கும்.

ஊட்டியில் கூடியவர்கள்

தமிழில் எழுத்தாளர் இணையதளம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஜெயமோகனுடையது. நாகர்கோவிலில் இருந்து எழுதும் அவருக்கும் நீலகிரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் உள்ள நாராயண குருகுலத்தில் வாழ்ந்த நித்ய சைதன்ய யதியை அவர் தன் ஆசிரியராகக் கருதுகிறார். யதி 1999-ல் மறைந்தார். அவர் நினைவாக அந்தக் குருகுலத்தில் இலக்கிய முகாம்கள் நடந்தன. அறிவிப்பு இணையதளத்தில் வரும். வர விரும்புகிறவர்கள் மின்னஞ்சலில் பெயர் கொடுப்பார்கள். முகாம் முடிந்ததும் அனுபவக் கடிதங்கள் அதே தளத்தில் வரும். திரையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் மலையேறி வந்து ஒரே கூரையின் கீழ் குளிரில் உட்கார்ந்து கவிதை பேசினார்கள். வாசகரை எங்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஓர் இணையதளத்தின் வேலை என்றால், அந்த வேலையை இது செய்தது.

2014 ஜனவரியில் அவர் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற நாவல் வரிசையாக எழுதத் தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம், இணையத்தில், இலவசமாக. 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள். இவ்வளவு நீளமான ஒன்றை எந்த வார இதழும் தொடராகப் போட்டிருக்காது. பக்கக் கட்டுப்பாடும் ஆசிரியர் குழுவின் பொறுமையும் அதற்கு இடம் தராது. சொந்தத் தளம் இருந்ததால்தான் அந்த வடிவமே சாத்தியமானது.

அதே சமயம், இதைப் பார்த்து அப்படியே செய்யக் கிளம்புவது பலருக்கு வினையாக முடியும். தினமும் எழுதுகிற ஒருவருக்குத் தினமும் புதுப்பிக்கும் தளம் சரி. இரண்டு வருடத்துக்கு ஒரு புத்தகம் எழுதுகிறவர் ஆர்வத்தில் வலைப்பதிவு தொடங்கி, மூன்று பதிவு போட்டு நிறுத்திவிட்டால், முகப்பில் பழைய தேதி பல்லிளிக்கும். வருகிறவர் 'இவர் எழுதுறதை விட்டுட்டார் போல' என்று முடிவு கட்டிவிடுவார். பல்லாயிரம் பக்கங்கள் சேர்ந்த தளங்களுக்கு வேறு சிக்கல்: நேற்றுத்தான் பெயர் கேள்விப்பட்ட வாசகர் எங்கே தொடங்குவது? எழுத்தாளரின் தளம் பத்திரிகையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு பக்கம் போதும். அதை அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

முதல் திரையில் என்ன இருக்கணும்?

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண் ஒருவர், முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகம் சென்னையில். முந்நூறோ ஐந்நூறோ பிரதி. கடைகளில் அவர் புத்தகம் முதுகு காட்டி நிற்கும். மலையில் உள்ள கடைக்கு வருமா என்பதே சந்தேகம். அவருக்கு ஒரு தளம் போடலாம்.

வழக்கமாக நடப்பது என்ன? தெரிந்த பையன் ஒருவன் செய்து கொடுப்பான். முகப்பு முழுக்கப் பனிமூட்டத்தில் தேயிலைத் தோட்டம். அதன் மேல் மெல்லிய எழுத்தில் 'சொற்களின் பயணம்' என்று ஏதோ ஒன்று. கீழே தள்ளித் தள்ளிப் போனால் 'என்னைப் பற்றி'. அதில் பிறந்த ஊர், படித்த பள்ளி, சிறுவயதிலேயே எழுத்தில் ஆர்வம். புத்தகத்தின் பெயர் நான்காவது திரையில். விலை இல்லை. வாங்கும் இணைப்பு இல்லை.

தேயிலைத் தோட்டப் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஊட்டி ஓட்டல் விளம்பரத்திலும் இருக்கிறது, டீத்தூள் பாக்கெட்டிலும் இருக்கிறது. இந்த எழுத்தாளரை யாரென்று காட்ட அது உதவாது. முதல் திரையில் வேண்டியவை கொஞ்சம்தான்: பெயர், என்ன எழுதுகிறார் என்று ஒரே வரி, புதிய புத்தகத்தின் அட்டை, அதைத் தொட்டால் வாங்கும் வழி. 'குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் சிறுகதைகளை எழுதுபவர்' என்ற வரியைப் படித்ததும், வந்தவர் தனக்கானதா இல்லையா என்று தெரிந்துகொள்வார். 'சொற்களின் பயணம்' அதைச் சொல்லாது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பக்கம் வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்லாப் புத்தகங்களையும் ஒரே பக்கத்தில் அட்டைப்படங்களாக அடுக்கிவிடுகிறார்கள். அட்டைப்படம் கண்ணுக்கு எழுத்து, தேடுபொறிக்கு வெறும் படம். தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள், விலை, ஐ.எஸ்.பி.என். எண் எல்லாம் எழுத்தாகவே இருந்தால்தான் தேடலில் அகப்படும். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. சொந்தமாக வெளியிடுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்த எண் இருந்தால் ஒரே தலைப்பில் இரண்டு புத்தகம் இருந்தாலும் குழப்பம் வராது.

அதே பக்கத்தில் ஒரு கதையை முழுதாகப் படிக்கக் கொடுப்பது நல்லது. 'வாசகர் கருத்து' என்று பத்துப் புகழ்மொழிகளை அடுக்குவதைவிட, தெரியாத ஒருவரைப் புத்தகம் வாங்க வைப்பது அந்த ஒரு கதைதான். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அமேசான் கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்நூல்களை எழுத்தாளரே வெளியிடலாம். அதில் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் அந்த நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. மாதிரியாக 10 சதவீதம் வரை மட்டும் வெளியில் வைக்கலாம். எட்டுக் கதைத் தொகுப்பில் ஒரு நீளமான கதையைத் தளத்தில் போட்டாலே அந்த அளவைத் தாண்டிவிடும். டிக் அடிப்பதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொருவரும் இந்தப் பக்கத்தைத் தேடி வருவார்: விழா நடத்துகிறவர். 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகத்தில் ஊட்டி இலக்கிய விழா நடக்கிறது; கல்லூரிகளில் கருத்தரங்கு நடக்கிறது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவர்களுக்கு வேண்டியது நூறு சொல்லில் அறிமுகம், தெளிவான புகைப்படம், பெயரின் சரியான எழுத்துக்கூட்டல். எடுத்துக்கொள்ள வசதியாக இவை ஒரே இடத்தில் இருந்தால், 'கவிஞர்' என்று தவறாகப் போட்டு மேடையில் சங்கடப்படுத்தும் வாய்ப்பு குறையும்.

தொடர்புக்கு மின்னஞ்சல் போதும். வீட்டு முகவரியும் சொந்த செல் நம்பரும் வேண்டாம். முக்கியமாகப் பெண் எழுத்தாளர்களுக்கு இது அனாவசியத் தொல்லையைக் கூட்டிவரும். புதிய புத்தகம் வரும்போது தகவல் அனுப்ப வாசகர்களின் மின்னஞ்சலைச் சேகரிக்கலாம். இந்த மொத்த ஏற்பாட்டிலேயே நீண்ட காலத்துக்குப் பலன் தருவது அந்தப் பட்டியல்தான். எந்த நிறுவனமும் தன் விதியை மாற்றி அதைப் பறிக்க முடியாது. ஆனால் சம்மதம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் அதைத்தான்.

தமிழுக்கென்றே சில தலைவலிகள்

இணையதள வடிவமைப்பு பற்றிய பெரும்பாலான அறிவுரைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. தமிழில் எழுதுகிறவர் தனியாகச் சமாளிக்க வேண்டியவை உண்டு.

முதலில் பெயர். 'ராஜம் கிருஷ்ணன்' என்றும் தேடுவார்கள், 'இராஜம் கிருஷ்ணன்' என்றும் தேடுவார்கள். இதைவிட அதிகம் பேர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அப்போது 'தேன்' என்பது 'பிறகு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. தேடுபொறிக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. ஊரும் அப்படித்தான்: ஊட்டி, உதகை, உதகமண்டலம். எனவே அறிமுகப் பக்கத்தில் எழுத்தாளர் பெயரும் நூல் தலைப்பும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறையாவது வர வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவர் என்றால் அதுவும். அதற்காக எல்லா வடிவத்தையும் வரிசையாகக் கொட்டி வைத்தால் படிக்கிறவருக்கு எரிச்சல் வரும். ஒரு வாக்கியத்துக்குள் இயல்பாக வந்தால் போதும்.

அடுத்தது இணைப்பு முகவரி. பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைப்பது ஆசையாகத்தான் இருக்கும். 'குறிஞ்சித்தேன்' என்று வைத்து, அதை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக மாறி வந்து நிற்கும். யூனிகோடில் அந்தச் சொல்லுக்கு 14 குறியீடுகள். முகவரியாக மாறும்போது ஒவ்வொன்றுக்கும் 9 எழுத்துவீதம் 126 எழுத்து. ஏதோ வைரஸ் லிங்க் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள். உள்ளடக்கம் தமிழில், முகவரி சின்னதாக ஆங்கில எழுத்தில் என்பதுதான் இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவருவது. தமிழ் எழுத்திலேயே முடியும் '.இந்தியா' என்ற முகவரியும் கிடைக்கிறது. பெருமைக்கு அதையும் வாங்கலாம். ஆனால் போனில் ஒருவருக்குச் சொல்லி எழுதவைப்பது எது சுலபம் என்று யோசித்தால் விடை தெரிந்துவிடும்.

மூன்றாவது, பழைய எழுத்துரு. பதிப்பகத்திலிருந்து வாங்கிய கோப்பை அப்படியே தளத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததுதான் காரணம். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அச்சுத் துறையில் பழைய பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்தியே ஆக வேண்டும். இந்த அலுப்பைத் தவிர்க்கச் சிலர் பக்கங்களைப் படமாக எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கதையைத் தேடுபொறி படிப்பது சிரமம். போனில் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடும். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதில் ஒரு சொல்லைக்கூட வாசிக்காது.

மலைச் சிக்னல்

சென்னை அலுவலகத்தில் வைஃபையில் பார்க்கும்போது எல்லாத் தளமும் வேகமாகத்தான் இருக்கும். சோதிக்க வேண்டிய இடம் வேறு. நீலகிரியில் மேட்டில் இருக்கும் சிக்னல் சரிவில் இறங்கினால் போய்விடும். தேயிலைத் தோட்டங்களுக்குள் சொல்லவே வேண்டாம். நொடிக்கு 1 மெகாபிட் வேகம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 மெகாபைட் உள்ள ஒரு பனிமூட்டப் படம் இறங்க 32 விநாடி ஆகும். அதே படத்தைச் சுருக்கி 100 கிலோபைட்டாக்கினால் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். போன் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தானாக ஓடும் வீடியோ, புரளும் பக்கம், பின்னணியில் புல்லாங்குழல் எல்லாம் டிசைனருக்குப் பிடிக்கும். பஸ்ஸில் இருப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

எழுத்தாளரின் சொந்த ஊர்க்காரர்களே தன் தளத்தைத் திறக்க முடியாமல் போனால் அந்தத் தளம் யாருக்கு? தோட்டத்துக் கதைகளை எழுதுகிறவருக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

பணம் எவ்வளவு, சாவி யாரிடம்?

செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. 'டாட் இன்' முகவரி பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து ஏமாறாமல் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு பக்கத் தளத்தை பிளாகர், கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் இலவசமாகவே வைத்து, சொந்த முகவரியை அதோடு இணைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அந்த இடம் சரியில்லை என்றால் சாமானை மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போகலாம், முகவரி மாறாது. புத்தகத்தின் பின்னட்டையில் க்யூ.ஆர். குறி அச்சிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது ஃபேஸ்புக் பக்கத்துக்கோ ஒரு விற்பனைத் தளத்துக்கோ போகக் கூடாது. அச்சிட்ட பிறகு மாற்ற முடியாது. சொந்த முகவரிக்குப் போனால், அங்கிருந்து எங்கே அனுப்புவது என்பது எழுத்தாளர் கையில்.

ஆனால் பல தளங்கள் சாவது பணம் இல்லாமல் இல்லை, சாவி தெரியாமல். 'தெரிந்த பையன்' தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே முகவரியைப் பதிவு செய்திருப்பான். அவன் வேலை கிடைத்து துபாய் போயிருப்பான். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவன் பார்க்காத ஒரு பெட்டிக்கு வந்துகொண்டிருக்கும். சில வாரம் அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை விற்பனைக்கு விட்டுவிடுவார்கள். பிறகு அதே முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடும். முகவரி எழுத்தாளரின் பெயரில் இருக்க வேண்டும். ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். கையில் காசு இருக்கும்போது அதைச் செய்துவிடுவது நிம்மதி. வீட்டில் ஒருவருக்காவது கடவுச்சொல் தெரிய வேண்டும்.

இந்திய சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. நிலப் பத்திரத்தைப் பீரோவில் வைக்கிற குடும்பங்களில்கூட, அப்பாவின் எந்தப் புத்தகம் யாரிடம் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. நூல்வாரியாக அந்தத் தகவலைத் தளத்தில் ஒரு வரியில் எழுதிவைத்தால், இருபது வருடம் கழித்து மொழிபெயர்க்கவோ படமெடுக்கவோ உரிமை கேட்டு வருகிறவருக்கு வழி தெரியும். குடும்பத்துக்கும் பணம் வரும்.

நாட்டுடைமையான எழுத்தாளர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2024-ல் மு. கருணாநிதியின் நூல்கள் நாட்டுடைமையாக அறிவிக்கப்பட்டன. பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. இவர்களுடைய நூல்களை இணையத்தில் ஏற்றும் வேலையை 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வரை பலரும் செய்கிறார்கள். நூல் கிடைக்கிறது, எழுத்தாளரை மையமாக வைத்த பக்கம்தான் பலருக்கு இல்லை. அதை யார் செய்வது? சட்டப்படி யார் வேண்டுமானாலும் செய்யலாம், முழு நாவலையும் சேர்த்தே வைக்கலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியின் தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. 'குறிஞ்சித்தேன்' முதல் பதிப்பின் விவரம், பின்வந்த பதிப்புகள், ஆங்கில மொழிபெயர்ப்பு, நாவலில் வரும் படுகச் சொற்களுக்குப் பொருள், படிக்க முழுப் பிரதி. படுகச் சொற்களுக்குப் பொருள் எழுத அந்த மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் கேட்டால் போதும்.

நாவலின் தலைப்பில் இருக்கும் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2006-லும் 2018-லும் பூத்தபோது கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள். அடுத்த பெரிய பூப்பு 2030-ல். அந்த வருடம் லட்சக்கணக்கான போன்களில் 'குறிஞ்சி' என்ற சொல் தட்டப்படும்.